நான்கு பக்கமும் சரி, மூலை சரியா? செவ்வகக் கணக்குப் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

முற்றத்தில் விழுந்து கிடக்கும் தென்னோலையிலிருந்து நான்கு ஈர்க்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டை 20 சென்ரிமீற்றருக்கும் மற்ற இரண்டை 15 சென்ரிமீற்றருக்கும் வெட்டி, நுனிகளை நூலால் கட்டி ஒரு சட்டமாக்குங்கள். கட்டு இறுக்கமாக வேண்டாம், மூலைகள் அசைய வேண்டும். மேசையில் வைத்து ஒரு மூலையை விரலால் மெல்லத் தள்ளுங்கள். சட்டம் சாயும். பக்கங்கள் அதே பக்கங்கள்தான், சுற்றளவும் அதே 70 சென்ரிமீற்றர்தான். உள்ளே அடைபட்ட இடம் மட்டும் சுருங்கிக்கொண்டே போய், ஈர்க்குகள் ஒன்றோடொன்று ஒட்டும்போது இல்லாமலே போய்விடும்.

மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் சூத்திரம் எதையும் சொல்வதற்கு முன்னர் இதைத்தான் செய்யச் சொல்கிறேன். செவ்வகம் என்றால் என்ன என்று கேட்டால் பெரும்பாலானோர் “எதிர்ப்பக்கங்கள் சமன்” என்கிறார்கள். சாய்ந்த சட்டத்திலும் எதிர்ப்பக்கங்கள் சமன்தானே! அதற்குப் பெயர் இணைகரம். அதைச் செவ்வகமாக்குவது மூலை. மூலை செங்கோணமா என்பதைக் காட்டிக்கொடுப்பது மூலைவிட்டம். உங்கள் ஈர்க்குச் சட்டத்தில் இரண்டு மூலைவிட்டங்களையும் அடிமட்டத்தால் அளந்து, இரண்டும் 25 சென்ரிமீற்றராக வரும்வரை நிமிர்த்துங்கள். 15, 20, 25 என்ற மூன்று எண்களையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அவற்றை ஐந்தால் வகுத்தால் 3, 4, 5. அத்திவாரம் வெட்டும் மேசன்மார் கையில் வைத்திருப்பதும் இந்த எண்களைத்தான்.

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காகவும், உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பவியல் எடுத்தவர்களுக்காகவும், பள்ளிக்கூடத்தை விட்டுப் பல காலமாகி இப்போது தொழினுட்பக் கல்லூரிப் பாடநெறி ஒன்றுக்குப் போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். படிகளை வரிசையாகச் செய்யுங்கள். ஈர்க்குப் படியைத் தாண்டிப் போக வேண்டாம்.

முதற்படி: கேட்பது வேலியா, நிலமா?

கணக்கை வாசித்ததும் பெருக்கத் தொடங்குவதுதான் நான் அதிகம் காணும் பிழை. வேலி, மதில், சட்டம், விளிம்பு என்று வந்தால் அது சுற்றளவு. தரை, வயல், சுவருக்குப் பூசும் மை, கூரை என்று வந்தால் பரப்பளவு. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு என்று வந்தால் மூலைவிட்டம். விடையோடு அலகை எழுதும் பழக்கம் இருந்தால் பாதித் தவறுகள் தாமாகவே வெளியே வரும்: வேலிக்குச் சதுர மீற்றரில் விடை வந்தால் எங்கோ வழி மாறிவிட்டீர்கள்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு இங்கே தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஊரில் ‘பரப்பு’ என்பது காணி அளக்கும் அலகு. 16 பரப்பு ஓர் ஏக்கர், ஒரு பரப்பு 10 பேர்ச், ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. எனவே ஒரு பரப்பு 2,722.5 சதுர அடி, ஏறத்தாழ 253 சதுர மீற்றர். பாடப்புத்தகத்தில் வருவது ‘பரப்பளவு’. வீட்டில் “இரண்டு பரப்புக் காணி” என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இரண்டும் ஒரே சொல்லாகவே காதில் விழும். வெளிநாட்டிலிருந்து வந்து தாத்தாவின் உறுதியை விரித்துப் பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதே தடுமாற்றம். முதல் நாளே பிரித்துச் சொல்லிவிடுவது நல்லது: பரப்பு ஓர் அலகு, பரப்பளவு ஒரு கணியம்.

இனிக் கணக்கு. இரண்டு பரப்புச் செவ்வகக் காணியின் அகலம் 55 அடி. நீளம் என்ன, சுற்றி மதில் கட்ட எத்தனை அடி வேண்டும்? இரண்டு பரப்பு 5,445 சதுர அடி. 55ஆல் வகுத்தால் நீளம் 99 அடி. சுற்றளவு 2 × (99 + 55) = 308 அடி. படலைக்கு 12 அடி விட்டால் மதில் 296 அடி.

இந்தக் கணக்கை இத்தோடு விட்டுவிடாதீர்கள். அதே 308 அடி வேலியை வைத்து வேறு காணிகளை அடைத்துப் பாருங்கள். 77 அடிச் சதுரமாக அடைத்தால் 5,929 சதுர அடி கிடைக்கும். முன்னதைவிட 484 சதுர அடி கூட, அதாவது ஏறத்தாழ ஒன்றே முக்கால் பேர்ச். 140 அடி நீளமும் 14 அடி அகலமுமாக அடைத்தால் வெறும் 1,960 சதுர அடி, ஒரு பரப்புக்கூட வராது. வேலிச் செலவு மூன்றிலும் ஒன்றுதான். ஒழுங்கை ஓரமாக ஒடுங்கி நீண்ட காணியை வாங்குகிறவர் வேலிக்கு ஏன் இவ்வளவு செலவழிக்கிறார் என்பது இப்போது தெரிகிறது அல்லவா? நீளம், அகலம், சுற்றளவு, பரப்பளவு என்று நான்கு நிரல்கள் போட்டு ஒரு அட்டவணை எழுதுங்கள். பத்து வரிகள் போதும். ஐம்பது தனித்தனிக் கணக்குகள் தராத தெளிவு அந்த ஒரு பக்கத்தில் கிடைக்கும்.

இரண்டாம்படி: படம் வரையாமல் எண்ணைத் தொடாதீர்கள்

12 மீற்றர் நீளமும் 8 மீற்றர் அகலமும் உள்ள பூந்தோட்டத்தைச் சுற்றி வெளிப்புறமாக 1 மீற்றர் அகலத்தில் நடைபாதை போடுகிறார்கள். பாதையின் பரப்பளவு என்ன?

படம் வரையாத பிள்ளைகளிடமிருந்து இரண்டு பிழையான விடைகள் வரும். ஒன்று 21: நீளத்துக்கும் அகலத்துக்கும் ஒவ்வொரு மீற்றர் மட்டும் கூட்டி, 13 × 9 என்று பெருக்கி, 96ஐக் கழித்தவர்கள். பாதை இரு பக்கமும் இருக்கிறது என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். மற்றது 40: தோட்டத்தின் சுற்றளவு 40 மீற்றர், அகலம் 1 மீற்றர் என்று பெருக்கியவர்கள். இந்தப் பிழையை நான் மிகவும் விரும்புகிறேன், ஏனென்றால் அந்தப் பிள்ளை சிந்தித்திருக்கிறது. படத்தை வரைந்து, அந்த 40 சதுர மீற்றரையும் நிறம் தீட்டச் சொன்னால் நான்கு மூலைகளில் நான்கு சிறு சதுரங்கள் வெள்ளையாக மிஞ்சும். அவற்றையும் சேர்த்தால் 44. வெளிச் செவ்வகம் 14 × 10 = 140, உள்ளது 96, வித்தியாசம் 44. இரு வழியிலும் ஒரே விடை வரும்போது பிள்ளையின் முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே இந்தக் கணக்கை ஒவ்வோர் ஆண்டும் கொடுக்கிறேன்.

சமன்பாட்டுக் கணக்குகளுக்கும் இதே முறைதான். நீளம் அகலத்தைவிட 5 மீற்றர் கூட, பரப்பளவு 84 சதுர மீற்றர் என்றால், படத்தில் அகலத்துக்கு ‘அ’ என்றும் நீளத்துக்கு ‘அ + 5’ என்றும் குறித்த பின்னரே சமன்பாட்டை எழுதுங்கள். அ² + 5அ − 84 = 0. காரணிப்படுத்தினால் (அ + 12)(அ − 7) = 0. அகலம் 7 மீற்றர், நீளம் 12 மீற்றர். −12 என்ற தீர்வை ஏன் விடுகிறோம் என்பதை ஒரு வரியில் எழுத வேண்டும். ‘நீளம் மறையாக இருக்க முடியாது’ என்ற அந்த வரியையும் சேர்த்தால்தான் விடை முழுமையாகும்.

மூன்றாம்படி: அத்திவாரத்தில் நூல் பிடிப்பது

பல ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் வீட்டுக் குசினியை நானே நூல் பிடித்துக் குறித்தேன். நான்கு பக்கங்களையும் அளந்தேன், எல்லாம் சரியாக இருந்தன. மழை இருட்டிக்கொண்டு வந்ததால் மூலைவிட்டம் பிடிக்காமலேயே கட்டைகளை அடித்துவிட்டேன். சுவர் எழும்பி, பூச்சு முடிந்து, தரைஓடு பதிக்கும் நாளில்தான் தெரிந்தது: சுவரோரத்து ஓட்டு வரிசை ஒரு முனையில் அகலமாகத் தொடங்கி மறுமுனையில் இரண்டு அங்குலம் ஒடுங்கிப் போயிற்று. அந்தச் சாய்வு இன்றும் அங்கே இருக்கிறது. கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்த நான் ஒரு அளவை விட்டதால் வந்தது அது. அதனாலேயே இந்தப் படியில் நீண்ட நேரம் நிற்கிறேன்.

40 அடிக்கு 30 அடி அத்திவாரம் என்று வைத்துக்கொள்வோம். தெருப் பக்கத்துக் கோட்டில் 40 அடி இடைவெளியில் இரண்டு கட்டைகள் அடியுங்கள். முதற் கட்டையிலிருந்து 30 அடி நூலும் இரண்டாவதிலிருந்து 50 அடி நூலும் பிடித்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் மூன்றாவது கட்டையை அடியுங்கள். பைதகரசின் தேற்றப்படி 30² + 40² = 900 + 1,600 = 2,500 = 50². நான்காவது கட்டையையும் இதே விதமாகக் குறித்து, கடைசியாக இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து ஒப்பிடுங்கள். கையில் பிடிக்கும் மூலைமட்டத்தை மட்டும் நம்பி 40 அடிக்குக் கோடு இழுக்க வேண்டாம். மூலைமட்டத்தில் மயிரளவு பிசகு, நாற்பதாவது அடியில் விரற்கடையாக நிற்கும். 3, 4, 5 அடி முக்கோணத்தைவிட 6, 8, 10 நல்லது, முழு அளவில் பிடிப்பது அதனிலும் நல்லது.

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுவோம். பக்கங்கள் சரி, ஆனால் மூலைவிட்டங்கள் 8 அங்குலம் வித்தியாசப்படுகின்றன. மூலை எவ்வளவு நகர்ந்திருக்கிறது? நகர்வை ‘ந’ அடி என்று வைத்துப் பைதகரசை இரண்டு தடவை எழுதிக் கழித்தால், மூலைவிட்ட வர்க்கங்களின் வித்தியாசம் 4 × 40 × ந என்று வரும். மூலைவிட்டங்களின் கூட்டுத்தொகை ஏறத்தாழ 100 அடி, வித்தியாசம் மூன்றில் இரண்டு அடி. ஆகவே 160ந = 66.7, ந ஏறத்தாழ 0.417 அடி, அதாவது 5 அங்குலம். ஐந்து அங்குலம் சாய்ந்த வீடு! ஆனால் அதன் பரப்பளவைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 1,200 சதுர அடியில் அரைக்கால் சதுர அடிகூடக் குறைவதில்லை. சுற்றளவு மாறவே இல்லை. சுற்றளவும் பரப்பளவும் மௌனமாக இருக்கும் இடத்தில் மூலைவிட்டம் மட்டும் பேசுகிறது.

மூலைவிட்டத்துக்கு ஒரு குறுக்குவழி இணையத்திலும் கைபேசிகளிலும் சுற்றுகிறது: நீண்ட பக்கத்தை எட்டாகப் பிரித்து ஒரு பங்கைத் தள்ளி, குறுகிய பக்கத்தின் பாதியைச் சேர். வர்க்கமூலமே இல்லாமல் நம் முன்னோர் பைதகரசை வென்றதாக அதைப் பகிர்கிறார்கள். சோதித்துப் பார்ப்போம். 4, 3 என்றால் 3.5 + 1.5 = 5, சரி. 12, 5 என்றால் 10.5 + 2.5 = 13, அதுவும் சரி. 15, 8 என்றால் 13.125 + 4 = 17.125, சரியான விடையோ 17. 24 அடிக்கு 20 அடி அறைக்கு அது 31 அடி தரும், உண்மையான அளவு √976, ஏறத்தாழ 31.24 அடி. கிட்டத்தட்ட மூன்று அங்குலம் குறைவு. மனக்கணக்காக ஓர் அண்ணளவு பிடிக்க அருமையான வழி, அதைக் கண்டவர் கெட்டிக்காரர். அதை வைத்து அத்திவாரம் வெட்ட வேண்டாம். எந்தச் சூத்திரம் கையில் வந்தாலும் இப்படி நான்கு செவ்வகங்களில் போட்டுப் பார்ப்பதே நல்ல பயிற்சி.

நான்காம்படி: விடை சரி, பொருள் போதவில்லை

3.4 மீற்றருக்கு 4 மீற்றர் அறைக்கு 60 சென்ரிமீற்றர்ச் சதுர ஓடு எத்தனை? பரப்பளவு 13.6 சதுர மீற்றர், ஓர் ஓடு 0.36 சதுர மீற்றர். வகுத்தால் 37.8, ஆகவே 38 என்று எழுதுவார்கள். கடையில் 38 வாங்கி வந்தால் வேலை பாதியில் நிற்கும். 3.4 மீற்றரில் ஐந்து முழு ஓடுகள் போக 40 சென்ரிமீற்றர் மிச்சம். 4 மீற்றரில் ஆறு ஓடுகள் போக அதே 40 சென்ரிமீற்றர் மிச்சம். அந்தத் துண்டுகளை வெட்டிய பின் மிஞ்சும் 20 சென்ரிமீற்றர்க் கீற்று வேறெங்கும் உதவாது. முழு ஓடுகள் 30, ஓரத் துண்டுகளுக்கு 6 + 5, மூலைக்கு 1. மொத்தம் 42, உடைவுக்கு வாங்குவது வேறு. கணிதத்தில் பரப்பளவை வகுக்கலாம். ஓட்டைத் தூளாக்கி ஒட்ட முடியாது. பொறியியற் படிப்பின் வாசல் இந்த இடத்தில்தான் திறக்கிறது என்பேன்.

வற்றாத ஆறு இல்லாத நம் குடாநாட்டுக்கு மழைநீர்க் கணக்கு எப்போதும் பொருத்தம். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது சரியாக 1 லீற்றர். 10 மீற்றருக்கு 8 மீற்றர் நிலத்தை மூடும் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 80 × 25 = 2,000 லீற்றர். சரிந்த கூரையின் ஓட்டுப் பரப்பை எடுக்கக் கூடாது, மேலிருந்து பார்த்தால் அது மூடும் செவ்வகத்தையே எடுக்க வேண்டும். ஐப்பசி மழையில் உங்கள் வீட்டுப் பீலியால் எவ்வளவு நீர் ஓடுகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

ஐந்தாம்படி: செவ்வகம் பாரம் தாங்கும்போது

பொறியியல் பீடம் வரை போக எண்ணுகிறவர்கள் இதை இப்போதே தொட்டுப் பார்க்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அந்தப் பீடம் கிளிநொச்சியில் இருக்கிறது. அங்கே போனாலும், தொழினுட்பக் கல்லூரிக்குப் போனாலும், முதலில் சந்திக்கப் போவது இந்தச் செவ்வகத்தைத்தான்.

அடிமட்டத்தை இரண்டு புத்தகங்களுக்கு இடையே தட்டையாக வைத்து நடுவில் அழுத்துங்கள், வளைகிறது. குத்தாக நிறுத்தி அழுத்துங்கள், அசையவில்லை. பொருள் ஒன்று, வெட்டுமுகம் ஒன்று, நிற்கும் விதம் மட்டும் வேறு. அதை அளக்கும் கணியம் பரப்பின் இரண்டாம் திருப்பம்: அகலம் × உயரம்³ ÷ 12. உயரம் மும்மடியாக வருவதைக் கவனியுங்கள். 50 மில்லிமீற்றருக்கு 100 மில்லிமீற்றர் மரத்தைக் குத்தாக நிறுத்தினால் ஏறத்தாழ 41.7 இலட்சம், தட்டையாக வைத்தால் 10.4 இலட்சம், அலகு மில்லிமீற்றரின் நான்காம் அடுக்கு. வளைவை எதிர்க்கும் விறைப்பு நான்கு மடங்கு. முறியாமல் தாங்கும் பலமோ அகலம் × உயரம்² ÷ 6 என்பதன்படி போகிறது, ஆகவே இரண்டு மடங்கு மட்டும். விறைப்பும் பலமும் ஒன்றல்ல என்பதை இந்த ஒரு மரத்துண்டிலேயே கண்டுகொள்ளலாம். பழைய வீட்டுக் கூரையின் கீழே நின்று நிமிர்ந்து பாருங்கள். பனங்கைமரங்கள் எல்லாம் குத்தாகவே நிற்கும்.

இணைந்த கணிதம் படிப்பவர்களுக்கு ஒன்று: 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருண்டைக் குற்றியிலிருந்து மிகப் பலமான செவ்வக வளையை வெட்ட வேண்டும். அகலம்² + உயரம்² = 900 என்ற கட்டுப்பாட்டுடன் அகலம் × உயரம்² உச்சமாக வேண்டும். வகையிட்டால் உயரம் அகலத்தின் √2 மடங்கு: ஏறத்தாழ 17.3, 24.5 சென்ரிமீற்றர். அதே குற்றியில் வெட்டும் 21.2 சென்ரிமீற்றர்ச் சதுர வளையைவிட மரமும் குறைவு, பலமும் ஏறத்தாழ நூற்றுக்கு 9 கூட. இந்த விகிதத்தை உடைய செவ்வகம் உங்கள் மேசையிலேயே கிடக்கிறது: 210க்கு 297 மில்லிமீற்றர் ஏ4 தாள். நடுவில் மடித்தாலும் அதே வடிவம் வருவது அந்த √2ஆல்தான்.

பழகும் முறை

நாளுக்கு மூன்று கணக்குகள் போதும். ஒன்று பழைய வினாத்தாளிலிருந்து, ஒன்று வீட்டில் நாடாவால் அளந்து நீங்களே ஆக்கியது, ஒன்று நேற்றுப் பிழைத்தது. பிழைத்த கணக்கை அழிக்காமல் பக்கத்திலேயே திருத்துங்கள். எங்கே வழி மாறினீர்கள் என்பதைப் பரீட்சைக்கு முதல்நாள் பார்க்க வேண்டியிருக்கும்.

தொடங்குவதற்கு ஏழு கணக்குகள்.

1. மூன்று பரப்புச் செவ்வகக் காணியின் ஒரு பக்கம் 75 அடி. மற்றப் பக்கமும் சுற்றளவும் என்ன?
2. 20 மீற்றருக்கு 15 மீற்றர் தோட்டத்தின் உட்புறமாகச் சுற்றிவர 1.5 மீற்றர்ப் பாதை. பாதையின் பரப்பளவு?
3. மூலைவிட்டம் 26 மீற்றர், ஒரு பக்கம் 10 மீற்றர். பரப்பளவும் சுற்றளவும்?
4. உட்பக்கம் 7 அடி உயரமும் 3 அடி அகலமும் உள்ள கதவுநிலை. மூலைவிட்டம் எத்தனை அடி, எத்தனை அங்குலம்?
5. சுற்றளவு 46 மீற்றர், பரப்பளவு 120 சதுர மீற்றர். பக்கங்களும் மூலைவிட்டமும்?
6. 40 மில்லிமீற்றருக்கு 160 மில்லிமீற்றர்ப் பலகை, குத்தாகவும் தட்டையாகவும். விறைப்பு எத்தனை மடங்கு, பலம் எத்தனை மடங்கு?
7. 12 மீற்றருக்கு 9 மீற்றர் நிலத்தை மூடும் கூரையில் 40 மில்லிமீற்றர் மழை. எத்தனை லீற்றர்?

விடைகள்: முதலாவது 108.9 அடி, 367.8 அடி. இரண்டாவது 96 சதுர மீற்றர். 50.25 என்று வந்தால் பாதையை ஒரு பக்கம் மட்டும் கழித்திருக்கிறீர்கள். மூன்றாவது 240 சதுர மீற்றர், 68 மீற்றர். ஐந்தாவது 8, 15, மூலைவிட்டம் 17 மீற்றர். ஆறாவது 16 மடங்கு, 4 மடங்கு. ஏழாவது 4,320 லீற்றர். நான்காவது √58, ஏறத்தாழ 7 அடி 7⅜ அங்குலம். இதே அளவில் ஒரு நிலை உங்கள் வீட்டில் இருந்தால், கதவைத் திறந்து வைத்து இரண்டு மூலைவிட்டங்களுக்கும் நாடா பிடித்துப் பாருங்கள்.